அண்டை மொழியும் அயல் மொழியும்: வயது வந்தோர் மொழி கற்றலில் தாய்மொழியின் தாக்கம்

உறவுமொழியைக் கற்பது எளிது, உறவற்ற மொழியைக் கற்பது அரிது என்பது பொதுவான கருத்து. சித்தூரிலும் திருப்பதியிலும் பணியின் பொருட்டுக் குடியேறித் தெலுங்கு கற்கத் தொடங்கும் தமிழரை முன்வைத்து இக்கருத்தை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். திராவிடக் குடும்பத்தைச் சாராத பின்னிய மொழி ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

1. அமைப்பு

'எனக்கு நீர் வேண்டும்' என்பது தெலுங்கில் 'நாகு நீள்ளு காவாலி' ஆகும். சொல்வரிசையும் நான்காம் வேற்றுமை உருபும் ஒத்துள்ளன. பின்னிய மொழியும் ஒட்டுநிலை மொழியே. 'தலோ' என்பது வீடு. 'தலோஸ்ஸ' என்பது வீட்டில். 'தலோஸ்த' என்பது வீட்டிலிருந்து. எனவே உருபேற்கும் முறை தமிழருக்குப் புதிதன்று; சொற்களே புதியவை.

2. ஒலி

தமிழில் உயிர்களுக்கிடையே தனித்து வரும் வல்லினம் மெலிந்தும் (பகல்), இரட்டித்து வருவது வன்மையாகவும் (பக்கம்) ஒலிக்கும். தெலுங்கு 'நாகு' என்பதில் ககரம் தனித்து வந்தும் வன்மையாகவே ஒலிக்க வேண்டும். மெலிந்து ஒலித்தால் அது நாகப்பாம்பைக் குறிக்கும். இதனைத் தவிர்க்க முயலும் தமிழர் 'நாக்கு' என இரட்டித்துவிடுகின்றனர். பின்னிய மொழியிலும் இதே இடர் உண்டு. 'குக' என்பது 'யார்'. 'குக்க' என்பது 'மலர்'. ஆகவே பிழையின் தோற்றுவாய் கற்கும் மொழியின் தொலைவன்று. கற்பவர் தம் தாய்மொழியில் உணராமலே கையாளும் விதியே ஆகும்.

3. பால்

தெலுங்கில் ஒருமையில் பெண்பாலுக்கெனத் தனி வினைமுடிபு இல்லை. 'அக்க வச்சிந்தி' (அக்காள் வந்தாள்), 'ஆவு வச்சிந்தி' (பசு வந்தது) இரண்டிற்கும் முடிபு ஒன்றே. இதனை இழிவு எனத் தமிழர் கருதுதல் பொருந்தாது. மதிப்புக் கருதும்போது 'வச்சாரு' என்னும் பன்மை முடிபு வரும். பின்னிய மொழியிலோ அவன், அவள் இரண்டிற்கும் ஒரே பதிலிப்பெயர்தான் உண்டு.

4. பிழை நிலைபெறுதல்

1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது வட ஆர்க்காட்டின் பகுதிகள் அதில் சேர்க்கப்பட்டன. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. எல்லைகள் மாறினும் இருமொழியாளர் இரு புறமும் உள்ளனர். தமிழர் 'நாக்கு' என்றாலும் சித்தூர்க் கடைக்காரர் பொருளுணர்ந்து, சில வேளைகளில் தமிழிலேயே விடையளிப்பார். திருத்துவார் இன்மையால் பிழை நிலைபெறுகிறது. செலிங்கர் 1972இல் விளக்கிய 'இடைமொழி உறைவு' இத்தகையதே. ஆண்டுகள் பல கழிந்தும் கற்பவர் வந்தேறியாகவே இனங்காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனவே உறவுமொழியைக் கற்பிக்கும்போது ஒற்றுமைகளைக் காட்டுவதோடு அமையாது, வேற்றுமைகளைத் தொடக்க நிலையிலேயே செவிப்பயிற்சி வாயிலாகக் கற்பித்தல் வேண்டும். 'நாகு' என்பதன் இரு ஒலிப்புகளையும் செவி பிரித்தறிந்த பின்னரே நாவிற்குப் பயிற்சி அளித்தல் தகும்.