எஞ்சினுக்கு ஏற்ற எண்ணெய் வடியைத் தெரிந்தெடுத்தல்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களின் கமக்காரர், ஒரு காலத்தில் எருதையும் எருமையையும் நம்பியே வயல் விதைத்தனர். 1949 ஆம் ஆண்டில் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பெற்று, பட்டிப்பளை ஆற்றின் நீர் சேனநாயக்க சமுத்திரத்திலே தேக்கப்பட்டபின் வயல்நிலம் பெருகிற்று. பெருகிய நிலத்தைக் குறித்த நாட்களுக்குள் உழுது முடிக்க மாட்டினால் இயலவில்லை. ஆதலின் நாற்சக்கர உழவியந்திரங்கள் வந்தன. இலங்கைப் பொறியியலாளராகிய ரே விஜேவர்தன 1950 களில் வடிவமைத்த லான்ட்மாஸ்டர் என்னும் இருசக்கர உழவியந்திரமும், அதன்பின் யப்பானிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்த இருசக்கர இயந்திரங்களும் சிறு கமக்காரருக்கும் எட்டின. இன்று உழவு, அறுவடை, நீரிறைப்பு ஆகிய அனைத்தும் எஞ்சினின் தயவிலேயே நடைபெறுகின்றன.

வாய்க்காலில் நீர் திறக்கப்படும் நாட்களில் ஒரு வட்டையிலுள்ளார் எல்லோரும் ஒரே வேளையில் உழவு தொடங்குவர். அவ்வேளையில் ஓர் எஞ்சின் இறுகி நின்றுவிடுமாயின், வாடகைக்கு வேறோர் இயந்திரம் கிடைப்பது அரிது. சிறுபோகத்திற் பிந்தி விதைத்தவரின் பயிர், கதிர் முற்றுமுன்னரே நீர் நிறுத்தப்பட்டு வாட நேரும். அவருடைய உழவியந்திரத்தை நம்பியிருந்த அயல் வயற்காரரும் அந்நட்டத்திற் பங்காளர் ஆவர். இத்தகைய இழப்புக்குக் காரணமாவது சில வேளைகளில் ஒரு கையிலே அடங்கும் சிறு பொருளாகும். அதுவே எண்ணெய் வடி. கராச்சுகளில் இதனை ஒயில் பில்டர் என வழங்குவர்.

எண்ணெய் வடி செய்யும் வேலை

எஞ்சினுள் உலோகத்தின்மேல் உலோகம் உராயாவண்ணம் காப்பது மசகெண்ணெயின் மெல்லிய படலமாகும். சுழலும் தண்டுக்கும் அதனைத் தாங்கும் பெயாரிங்குக்கும் இடையே இப்படலத்தின் தடிப்பு பெரும்பாலும் சில மைக்கிரோன் அளவினதே. ஒரு மைக்கிரோன் என்பது ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதரின் தலைமயிர் ஏறக்குறைய 70 மைக்கிரோன் தடிப்புடையது. ஆகவே கண்ணுக்குப் புலனாகாத மணற்றுகளும் உலோகத்துகளும் அப்படலத்தைக் கிழித்து, பெயாரிங்கையும் உருளையின் சுவரையும் அரிக்க வல்லன.

எண்ணெய்ப் பம்பி அனுப்பும் எண்ணெய், வடியினுள்ளே மடிப்பு மடிப்பாக அமைந்த தாளினூடாகச் சென்று, தூய்மையடைந்த பின்னரே பெயாரிங்குகளை அடையும். 1908 முதல் 1927 வரை செய்யப்பட்ட போர்ட் மொடல் ரி என்னும் புகழ்பெற்ற காரில் இத்தகைய வடி இருக்கவில்லை. 1923 ஆம் ஆண்டில் ஏர்ணஸ்ட் சுவீற்லண்ட் என்பவர் அமெரிக்காவில் பியுரோலேற்றர் என்னும் வடியை உருவாக்கிய பின்னரே இவ்வழக்கம் பரவலாயிற்று. முழுவதையும் திருகிக் கழற்றி எறியத்தக்க தகரக்கூட்டு வடி 1950 களின் நடுப்பகுதியில் வந்தது.

எந்த எஞ்சினுக்கு எந்த வடி

தெருவில் ஓடும் காரும், பந்தயத்தில் ஓடும் காரும், வயலில் உழும் இயந்திரமும் ஒரே வகை வடியை வேண்டுவன அல்ல.

தெருவிலோடும் கார் அடிக்கடி நிறுத்தப்பட்டு மீண்டும் இயக்கப்படுவது. எனவே, நிறுத்தியதும் எண்ணெய் வடியிலிருந்து கீழே வழிந்துவிடாமல் தடுக்கும் றப்பர்த் தடை அதற்கு முக்கியமாகும். இத்தடை இறுகிப் பழுதடைந்தால், ஒவ்வொரு காலையிலும் எஞ்சின் சில வினாடிகள் எண்ணெயின்றி ஓடும்.

நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலைப்பாதைப் பந்தயம் போன்றவற்றில் ஓடும் கார்களோ மிகுந்த வேகத்திற் சுழலும் எஞ்சின்களை உடையன. பெருமளவு எண்ணெயைத் தடையின்றிச் செல்லவிடுவதும், மிகுந்த அமுக்கத்தில் வெடியாத தடித்த கூடுமே அவற்றுக்கு முதன்மையானவை. கழுவிக் கழுவிப் பயன்படுத்தும் உருக்கு வலை வடிகள் சிலவற்றில் உண்டு. அவ்வலைகளிற் பல, நல்ல தாள் வடியிலும் பார்க்கப் பெரிய துகள்களை உள்ளே விடும். பந்தய எஞ்சின் அடிக்கடி பிரித்துப் புதுப்பிக்கப்படுவதால் அது பொறுக்கத்தக்கதாகும். பல போகங்கள் பிரிக்கப்படாமல் உழைக்க வேண்டிய உழவியந்திரத்துக்கும், நாள்தோறும் ஓடும் மோட்டார்ச் சைக்கிளுக்கும் அது பொருந்தாது. ஆகவே, பந்தயத்துக்கு உரியது என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதைக் கண்டு அதிக விலை கொடுப்பது பயனற்ற செலவாகும்.

உழவியந்திரம் நீண்ட நேரம், ஒரே சீரான பாரத்துடன், புழுதியின் நடுவே உழைப்பது. டீசல் எரிவதால் உண்டாகும் கரியும் அதன் எண்ணெயிற் சேரும். ஆதலின் நுண்ணிய துகளைப் பிடிப்பதோடு, அதிக அழுக்கைத் தாங்குமளவு விரிந்த தாளையுடைய வடியே அதற்கு உகந்தது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. இலக்கம்: இயந்திரத்தின் கைந்நூலிற் குறித்த வடியின் இலக்கத்தையே கேட்டு வாங்குதல் வேண்டும். பழைய வடியைக் கையிற் கொண்டுசென்று, உயரமும் பருமனும் ஒத்தது எனக் கண்மதிப்பில் வாங்குவது ஆபத்தானது.

2. புரி: பல எஞ்சின்களில் வடி பொருந்தும் தண்டு முக்கால் அங்குலப் பருமனும், அங்குலத்துக்கு 16 புரியும் உடையது. வேறு பலவற்றில் அது 20 மில்லிமீற்றர் பருமனும், 1.5 மில்லிமீற்றர் புரியிடையும் கொண்டது. முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீற்றராகும். எனவே 20 மில்லிமீற்றர் வடி முக்கால் அங்குலத் தண்டில் ஏறிவிடும். இறுகியது போலவும் தோன்றும். ஆயினும் புரிகள் ஒன்றையொன்று நன்கு கௌவியிரா. எஞ்சின் இயங்கி அமுக்கம் ஏறியதும் அது பிய்த்துக்கொண்டு விழலாம். விழுந்தால் எண்ணெய் முழுவதும் குறுகிய நேரத்தில் வெளியேறி எஞ்சின் இறுகிவிடும். கைந்நூல் இலக்கத்தை வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

3. வடிக்கும் திறன்: நுண்மையைக் குறிக்கும் எண் மட்டும் போதாது, நூற்றுக்கு எத்தனை வீதம் என்பதும் தெரிதல் வேண்டும். 20 மைக்கிரோன் அளவில் 50 வீதம் பிடிக்கும் வடி, அவ்வளவுள்ள 100 துகள்களில் 50 ஐ உள்ளே விட்டுவிடும். 99 வீதம் பிடிப்பதோ ஒன்றை மாத்திரமே விடும். இரண்டும் 20 மைக்கிரோன் வடி என்றே விற்கப்படலாம். நேர்மையான உற்பத்தியாளர், ஐ.எஸ்.ஓ. 4548-12 ஆம் இலக்கச் சோதனைப்படி இவ்வீதத்தைக் குறிப்பிடுவர்.

4. மாற்றுவழி வால்வு: வடி அடைபட்டாலும், குளிரில் எண்ணெய் தடித்தாலும் எஞ்சின் எண்ணெயின்றி வாடாதபடி, ஒரு வால்வு திறந்து எண்ணெயை வடிக்காமலே அனுப்பும். பொதுவாக இது சதுர அங்குலத்துக்கு 8 முதல் 30 இறாத்தல் வரையான அமுக்க வேறுபாட்டில் திறக்கும். சில எஞ்சின்களில் இவ்வால்வு எஞ்சினிலேயே அமைந்துள்ளது. வேறு சிலவற்றில் வடியினுள் உள்ளது. பின்னைய வகைக்கு வால்வில்லாத வடியைப் பூட்டினால், அடைபட்ட நாளில் எஞ்சின் எண்ணெயிழந்து அழியும். வால்வின் வில் தளர்ந்த மலிவான வடியில் எண்ணெய் எந்நேரமும் வடிக்கப்படாமலே ஓடும். வடி இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும்.

5. போலி: 2022 ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடியில் உதிரிப்பாகங்கள் அரிதாகி விலையேறியதைக் கமக்காரர் அறிவர். பொருள் அரிதாகும்போது போலியும் தலைகாட்டும். மங்கிய அச்சு, எழுத்துப்பிழை, கூட்டில் இலக்கமின்மை, ஒழுங்கற்ற றப்பர் வளையம், வழமைக்கு மாறான மலிவு என்பன ஐயத்துக்கு இடமானவை. அறிமுகமான கடையில், பற்றுச்சீட்டுடன் வாங்குதல் நன்று.

வடியே இல்லாத எஞ்சின்கள்

இருசக்கர உழவியந்திரங்களின் ஒற்றை உருளை எஞ்சின்கள் பலவற்றில் தாள் வடி இல்லை. கம்பி வலைச் சல்லடை மாத்திரமே உண்டு. எண்ணெய் மாற்றும்போதெல்லாம் அதனைக் கழற்றி, டீசலிற் கழுவி, உலர்த்திப் பூட்டுதல் வேண்டும். தாள் வடியையோ இவ்வாறு கழுவி மீண்டும் பூட்டலாகாது. கழுவிய தாளின் பசை விட்டு மடிப்புக் கிழியும். பிடித்து வைத்திருந்த அழுக்கும் மறுபுறம் செல்லும்.

கரையோர மணற்றரையில் கத்தரி, மிளகாய், வெண்டி, பயற்றை முதலியவற்றுக்கு நீரிறைக்கும் சிறு பெற்றோல் எஞ்சின்களிற் பெரும்பாலானவற்றில் சல்லடையும் இல்லை. அவற்றுக்கு உரிய நேரத்தில் எண்ணெயை மாற்றுவதே வடியாகும். இவ்வகையின் பரவலான எஞ்சின்களில் முதல் எண்ணெயை 20 மணி நேர ஓட்டத்திலும், பின்னர் 100 மணிக்கு ஒருமுறையும் மாற்றுவது வழக்கு. அவை கொள்வது ஏறக்குறைய அரை லீற்றருக்குச் சற்று மேற்பட்ட எண்ணெயே. அச்சிறு செலவுக்குப் பின்னிற்பவர் எஞ்சினையே இழப்பர்.

மணற்காற்று வீசும் இடங்களில் காற்று வடியையும் துப்புரவாக வைத்தல் வேண்டும். காற்றுடன் மணல் உட்புகுமாயின், எத்துணைச் சிறந்த எண்ணெய் வடியும் உருளையின் தேய்வைத் தடுக்கமாட்டாது.

மாற்றும் காலமும் முறையும்

நாளொன்றுக்கு 10 மணி நேரம் உழுதால் 20 நாளில் 200 மணி நிறைவுறும். ஆகவே ஒரு போகத்தின் உழவு மாத்திரமே வடியின் ஆயுளை முடிக்கப் போதுமானது. கைந்நூல் விதித்த மணிக்கணக்கை அறிந்து, நாள்தோறும் ஓடிய நேரத்தை ஒரு கொப்பியில் எழுதிவருதல் வேண்டும். நீர் திறக்கப்படுமுன்னரே வடியையும் எண்ணெயையும் மாற்றி ஆயத்தமாதல் அறிவுடைமை.

எஞ்சினை இளஞ்சூடாக்கி நிறுத்திய பின் பழைய எண்ணெயை வடித்தல் வேண்டும். வடியைக் கழற்றியதும் பழைய றப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டியிருக்கின்றதா எனப் பார்த்தல் கட்டாயம். அதன்மேல் புதிய வளையம் அமர்ந்தால் எண்ணெய் பீறிடும். புதிய வளையத்தில் எண்ணெய் பூசி, கையாலே திருகி, வளையம் தொட்டபின் கூட்டிற் குறித்த அளவு மட்டும் இறுக்குக. பெரும்பாலும் அது முக்காற் சுற்றாகும். பின்னர் எண்ணெய் வார்த்து, எஞ்சினை மெதுவாக இயக்கி, அமுக்கம் ஏறுவதையும் ஒழுக்கின்மையையும் கவனித்து நிறுத்தி, அளவுகோலிற் பார்த்துக் குறையை நிரப்புதல் வேண்டும்.

கழற்றிய வடியைத் தகரக் கத்தரிக்கோலால் வெட்டித் தாளை விரித்துப் பார்ப்பது நற்பழக்கமாகும். மின்னும் துகள்கள் காணப்பட்டால் ஒரு காந்தத்தை அணுகச்செய்க. காந்தத்தில் ஒட்டுபவை இரும்பும் உருக்கும். ஒட்டாது மின்னுபவை பெயாரிங்கின் உலோகமாக இருக்கலாம். அவை மிகுதியாக இருப்பின் எஞ்சின் நிற்குமுன்னரே கைதேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டுதல் வேண்டும். வாடியபின் மருந்திடுவதினும் நோய் தோன்றும்போதே அறிவது மேல் என்பது பயிருக்கு மட்டுமன்றி எஞ்சினுக்கும் பொருந்தும்.

கழிவெண்ணெயை வாய்க்காலிலோ மணலிலோ ஊற்றலாகாது. கரையோரக் கிணறுகள் ஆழமற்றவை. மணலில் ஊற்றியது அக்கிணற்று நீரையே சென்றடையும். மூடியுள்ள கலனிற் சேர்த்து, கழிவெண்ணெய் கொள்வோரிடம் ஒப்படைத்தல் முறையாகும்.

விதைநெல்லைத் தெரிவதிற் காட்டும் அக்கறையை வடியைத் தெரிவதிலும் கமக்காரர் காட்டுவாராயின், நீர் வரும் நாளில் அவர்தம் இயந்திரமும் வயலில் நிற்கும்.