கர்ஜத் வயல்களில் மாசி மாதப் புகை
(கல்யாண் நிருபர்)

மாசி, பங்குனி மாதங்களில் கர்ஜத் லோக்கலில் செல்பவர்கள் பார்த்திருக்கலாம். பத்லாப்பூர் தாண்டியதும் வயல்களில் ஆங்காங்கே புகை எழும். யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்து ஜன்னலை மூடிக்கொள்கிறோம். அது குப்பை அல்ல; அடுத்த மழைக்கால நெல்லுக்கான முதல் வேலை!

என்னுடன் வேலை செய்யும் மராத்தி நண்பருக்குக் கர்ஜத் அருகே ஒன்றரை ஏக்கர் நிலம். சென்ற ஞாயிற்றுக்கிழமை அவருடன் போயிருந்தேன்.

விடியுமுன் அறுவடை

நெல் அறுத்தபின், மிஞ்சிய ஈரத்தில் விதைத்த 'வால்' காய்ந்து நின்றது. நம் ஊர் மொச்சை போன்றது. வெயில் ஏறினால் காய் வெடித்துச் சிதறும். ஆகவே நண்பரின் தாயாரும் மனைவியும் இருட்டிலேயே பிடுங்கத் தொடங்கிவிட்டார்கள். நாங்கள் இருவரும் மழையில் சரிந்த வரப்புக்குக் கல் அடுக்கினோம்.

'ராப்' என்றால் என்ன?

ஒரு ஏக்கர் நடவுக்கு நாற்றங்கால் சுமார் 4 குண்டா தேவை. (40 குண்டா ஒரு ஏக்கர்.) அந்த இடத்தில் சாணம், அதன் மேல் காய்ந்த தழை, புல், எல்லாவற்றுக்கும் மேல் பொடிமண் என்று அடுக்குகிறார்கள். பிறகு காற்றுக்கு எதிராகத் தீ பரவும்படி பற்றவைக்கிறார்கள். மேலே மண் இருப்பதால் தீ நின்று எரியும். களை விதைகள் கருகும். சாம்பல் உரமாகும். மண் பொலபொலப்பதால் ஜூலையில் நாற்றுப் பறிப்பதும் சுலபம். இதுதான் 'ராப்'.

தழைக்குக் கருமருது மரமேறிக் கிளை வெட்ட வேண்டும். நண்பரின் தந்தைக்கு வயது 68. மகனுக்கோ வாரத்தில் ஒரு நாள்தான் விடுமுறை.

"எரிக்கவே வேண்டாம். தொழுவுரம் போட்டு மேட்டுப்பாத்தியில் நாற்று விடலாம்" என்றார் மகன். விவசாய நிபுணர்கள் சொல்வதும் அதுதான். மரங்களும் மொட்டையாகாமல் தப்பும்.

"களையை யார் பிடுங்குவது? நீயா?" என்று கேட்டார் தந்தை.

கடைசியில் ஒப்பந்தம் ஆயிற்று. 6 குண்டாவில் 2 குண்டாவை இந்த ஆண்டு எரிக்காமல் விடுவது. எது நல்லது என்பது நாற்றுப் பறிக்கும்போது தெரிந்துவிடும்.

காற்று விடவில்லை

மீதி 4 குண்டாவில் அடுக்கி முடித்தபோது காற்று கிளம்பிவிட்டது. பக்கத்து நிலம் பண்ணை வீடு கட்ட விற்கப்பட்டு, ஆளுயரப் புல் காய்ந்து கிடக்கிறது. ஒரு பொறி போதும். "இன்று வேண்டாம்" என்று தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டார் பெரியவர். அவர் ஒருவராகத் தீயைக் காவல் காக்க முடியாது. அடுத்த ஞாயிறுதான்.

திரும்பும் ரயிலில் நண்பர் பேசவில்லை. அடுத்த ஞாயிறு அவருக்கு டியூட்டி.

எங்கள் ஊர் வயலைக் குத்தகைக்கு விட்டு 9 ஆண்டுகள் ஆகின்றன. கடைசியாக நாற்றங்காலில் நான் கால் வைத்தது எப்போது என்று நினைவில்லை.

"அந்த டியூட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் ஊருக்குப் போங்கள்" என்றேன்.