பல வருஷம் நின்ற புல்லட், உறுமிவிட்டு உடனே அணைவது ஏன்?

சென்னையில் 1955-இல் வேரூன்றிய என்ஃபீல்டு புல்லட் வண்டியொன்று, பல வருஷம் கொட்டகையில் நின்றபின், சோக் போட்டு உதைத்தால் கம்பீரமாக உறுமுகிறது. சோக்கை எடுத்து ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்திய மறுகணமே அணைந்துபோகிறது. காரணம் யாதென்று கேட்கிறீர்களா?

பெட்ரோல் ஒரே வஸ்துவன்று. லேசானவையும் கனமானவையுமான பல திரவங்களின் கலவை. எழுதாமல் வைத்த மைப்பேனாவில் நீர் வற்றி, சாயம் மட்டும் உலர்ந்து, முள்ளின் நுண்ணிய வழியை அடைத்துக்கொள்வதைப் போலவே, கார்புரேட்டர் கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோலிலும் லேசான அம்சம் ஆவியாகிவிட, எஞ்சியது காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடிப் பழுப்புப் பிசினாக மாறிவிடுகிறது.

அந்தப் பிசின் முதலில் அடைப்பது பைலட் ஜெட்டைத்தான். ஒரு மில்லிமீட்டரினும் குறுகிய அதன் துவாரத்தின் வழியாகவே, வண்டி நின்ற இடத்தில் ஓடும்போது எஞ்சினுக்கு ஆகாரம் கிடைக்கிறது. வேகத்தில் உதவும் மெயின் ஜெட்டோ சற்றே பெரிதாதலால் பெரும்பாலும் தப்பிவிடுகிறது.

டேங்கிலுள்ள பழைய பெட்ரோலை முழுதும் வடித்துவிட்டு, ஜெட்டைக் கழற்றி, கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: ஊசிமுனையளவு ஒளி வட்டமாகத் தெரிய வேண்டும். கம்பியால் குத்தும் வழக்கத்தை நான் அறவே வெறுக்கிறேன். பித்தளை மிருதுவான உலோகம், துவாரம் அகன்றுவிட்டால் பெட்ரோல் மிகுந்து பிளக் கரிபிடிக்கும்.

புதுப் பெட்ரோல் ஊற்றி உதைக்குமுன், பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் சில சொட்டு எஞ்சின் ஆயில் விட்டு, கிக்கரை மெல்ல நாலைந்து முறை மிதியுங்கள். உலர்ந்த பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரைக் கீறாமல் நகரும்.