முட்டையைக் கழுவாதீங்க... வாத்து படுக்கும் இடத்தைக் காய வையுங்க!

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எங்கள் கொல்லை முழுக்கச் சேறுதான். காவிரிப் படுகைக் களிமண். தண்ணீர் லேசில் உள்ளே இறங்காது. அதில் 15 வாத்துகள் நாள் முழுக்க நடந்தால் எப்படி இருக்கும் என்பது வாத்து வளர்ப்பவர்களுக்குத் தெரியும். போன வருட மழையில், காலையில் பொறுக்கிய முட்டைகளில் வெள்ளையாக இருந்தவை இரண்டு மூன்றுதான். மற்றதெல்லாம் சேறும் எச்சமும்.

முட்டை விற்ற காசுதான் என் கையில் புழங்கும் காசு. பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம், பஸ் செலவெல்லாம் அதில்தான். அதனால் முட்டைகளை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, பளிச்சென்று ஆக்கிக் கடைக்கு அனுப்பினேன். பத்து நாளில் கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டார். உடைத்துப் பார்த்தால் நாற்றம். அப்படிக் கழுவிய முட்டைகளில் பத்தை அடைக்கோழிக்கு வைத்தேன். கோழி முட்டைக்கு 21 நாள் என்றால் வாத்து முட்டைக்கு 28 நாள். அத்தனை நாள் காத்திருந்ததற்குக் கிடைத்தவை இரண்டே குஞ்சுகள். மீதி கூமுட்டை.

தப்பு எங்கே?

முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. முட்டை வெளியே வரும்போது அதன்மேல் மெல்லிய பூச்சு ஒன்று இருக்கும். கிருமி உள்ளே போகாமல் தடுப்பது அதுதான். தேங்காய் நாரால் தேய்த்து அந்தப் பூச்சை நானே எடுத்துவிட்டேன். பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டது இன்னொரு தப்பு. குளிர்ந்தால் முட்டைக்குள் இருப்பது சுருங்கும்; அப்போது வெளியே இருக்கும் அழுக்குத் தண்ணீரைத் துளைகள் வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆக, வெளியே இருந்த அழுக்கை நான்தான் உள்ளே அனுப்பியிருக்கிறேன்.

ஒன்பது மணிக் கணக்கு

வாத்து பெரும்பாலும் விடியற்காலையில்தான் முட்டையிடும். காலை 9 மணிக்குள் அநேகமாக எல்லாம் இட்டு முடித்துவிடும். நானோ ஆறு மணிக்கே திறந்துவிட்டுக்கொண்டிருந்தேன். மிச்ச வாத்துகள் சேற்றிலும் வேலியோரத்திலும் இட்டன. இப்போது 9 மணிக்குத்தான் கதவைத் திறக்கிறேன். கொல்லைச் சேற்றை மழைக்காலத்தில் யாராலும் ஒழிக்க முடியாது. இரவிலிருந்து ஒன்பது மணி வரை வாத்து இருக்கும் இடம் மட்டும் காய்ந்திருந்தால் போதும். அதற்குச் செய்தவை இவை:

தரை: கொட்டகைத் தரையை மண் கொட்டி ஓர் அடி உயர்த்தினோம். மேலே நான்கு விரற்கடை கனத்துக்கு நெல் உமி. தினமும் ஒருமுறை கிளறி, நனைந்த இடத்தை மட்டும் அள்ளிவிட்டுப் புது உமி போடுகிறேன். அள்ளியது எருக்குழிக்குப் போகிறது. பூசணம் பூத்த உமி, வைக்கோல் வேண்டவே வேண்டாம். வாத்தின் நுரையீரலைக் கெடுத்துவிடும்.

தண்ணீர்: கொட்டகைக்குள் ஈரத்துக்குப் பெரிய காரணம் தண்ணீர்ப் பாத்திரம். வாத்து தலையை முக்கி, கண்ணையும் மூக்கையும் கழுவிக்கொள்ளும். அது அவசியம், பாத்திரம் ஐந்தாறு அங்குல ஆழமாவது இருக்க வேண்டும். ஆனால், உள்ளே இறங்கிக் குளிக்க முடியாதபடி வாய் குறுகலாக இருக்கட்டும். வாசலோர மூலையில் குழி வெட்டி, செங்கல் ஜல்லி நிரப்பி, மேலே மூங்கில் தட்டி போட்டுப் பாத்திரத்தை வைத்தோம். சிந்துவது குழிக்குள் போய்விடும். தீவனம் இருக்கும்போது தண்ணீரும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

வாசல்: சாயங்காலம் சேற்றுக் காலோடு நேராக உள்ளே வரக் கூடாது. வாசலுக்கு முன்னால் ஆறடி நீளத்துக்குச் செங்கல் துண்டு நிரப்பி, மேலே பருமணல் பரப்பினோம். நடந்து வரும்போதே கால் சேறு உதிர்ந்துவிடும். கூரான கல் மேலே தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாதம் கிழிந்தால் சீழ் பிடித்துவிடும்.

முட்டைப் பெட்டி: கோழி போல வாத்து ஏறிப் போய் முட்டையிடாது. பெட்டி தரையிலேயே, இருட்டான மூலையில், தண்ணீருக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம், ஒன்றரை அடி ஆழம். மூன்று வாத்துக்கு ஒரு பெட்டி. எங்களுக்கு ஐந்து பெட்டி. உள்ளே காய்ந்த வைக்கோல். முதல் வாரம் முட்டை போன்ற வெள்ளைக் கூழாங்கல்லைப் பெட்டிக்கு ஒன்றாக வைத்தேன். அதைப் பார்த்து அங்கேயே இடப் பழகிவிட்டன.

விடிந்ததும் ஒருமுறை, எட்டு மணிக்கு ஒருமுறை, திறந்துவிட்ட பிறகு ஒருமுறை எடுக்கிறேன். வைக்கோலைக் கிளறிப் பாருங்கள். வாத்து முட்டையை மூடி வைக்கும்.

அழுக்கு முட்டையை என்ன செய்வது?

இப்போதும் ஒன்றிரண்டு அழுக்காகத்தான் வருகின்றன. லேசான சேறு என்றால் காயவிட்டு, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். ரொம்ப அழுக்கென்றால், முட்டையைவிடச் சூடான, கை பொறுக்கும் வெந்நீரை ஊற்றிக் கழுவி, உடனே துடைத்து, அன்றே வீட்டில் சமைத்துவிடுகிறேன். ஊறவைப்பதே இல்லை. வாத்து முட்டையை எப்போதுமே மஞ்சள் கரு கெட்டியாகும் வரை வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும். விரிசல் விட்டதை விற்காதீர்கள். அடைக்கு வைப்பது, கழுவாமலே சுத்தமாக இருக்கும் முட்டையாக, இட்டு ஒரு வாரத்துக்குள் இருக்கட்டும்.

இந்த வருடம் அடைக்கு வைத்த பத்தில் ஏழு பொரித்திருக்கின்றன. கடைக்காரரும் மறுபடி வாங்க ஆரம்பித்துவிட்டார், ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான். உமியும் மணலும் நனைந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. புரட்டாசியிலேயே இந்த வேலைகளை முடித்துவிடுங்கள்.