நகவெட்டிக்கும் ஓட்டுப் போடலாம், தெரியுமா?

"இலைக்குப் போட்டாச்சு", "சூரியனுக்குத்தான்" என்கிறோமே, வேட்பாளர் பெயரை எத்தனை பேர் சொல்கிறோம்? சின்னம் என்ற அந்தக் குட்டிப் படத்துக்குப் பின்னால் என்னென்ன கூத்து நடந்திருக்கிறது, தெரியுமா?

1951-52, நாட்டின் முதல் பொதுத் தேர்தல். வாக்காளர்கள் 17 கோடிக்கும் மேல்! எழுதப் படிக்கத் தெரிந்தவர்களோ நூற்றுக்கு 18 பேர்தான்! என்ன செய்தார்கள்? ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி! பெட்டி மேல் சின்னம். முத்திரை குத்தும் வேலையே இல்லை. பிடித்த படம் ஒட்டிய பெட்டியில் சீட்டைப் போட்டால் முடிந்தது!

சின்னங்களில் பலவற்றை வரைந்தது யார்? தேர்தல் ஆணையத்தில் வேலை பார்த்த எம்.எஸ்.சேத்தி. பென்சிலால் வரைந்தார்! 1992-ல் அவர் ஓய்வு பெற்றும், படங்கள் இன்னும் ஓட்டுக் கேட்கின்றன!

புதிதாக விலங்குச் சின்னம் கேட்டால் கிடைக்காது! ஏன்? உயிருள்ள விலங்கையே பிரசாரத்துக்கு இழுத்து வந்து பாடாய்ப் படுத்தினார்களே! ஏற்கெனவே ஒரு கட்சியின் சின்னமாக இருந்த யானை தப்பித்தது. ஆனால் 2012-ல் உத்தரப் பிரதேசத்தில் அதற்கும் சோதனை! பூங்காக்களில் நின்ற கல் யானைகளைத் தேர்தல் முடியும்வரை போர்த்தி மூடச் சொன்னது ஆணையம். அத்தனை பெரிய பொட்டலம் எங்காவது பார்த்ததுண்டா?

அதே யானை அசாமில் வேறு கட்சிக்குச் சொந்தம், தெரியுமா?

நம் ஊருக்கு வருவோம். அ.தி.மு.க. தொடங்கி 7 மாதம். 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் இரட்டை இலை வென்றது! கட்சி உடைந்து, 1989 தேர்தலில் இலை முடங்கி, ஒரு பக்கம் சேவல், மறுபக்கம் இரட்டைப் புறா! 2017-ல் மறுபடி முடக்கம். ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் ஓர் அணிக்கு மின்கம்பம், இன்னொன்றுக்குத் தொப்பி. அந்தத் தேர்தலே ரத்து! டிசம்பரில் தொப்பிக்காரர் டி.டி.வி.தினகரன் குக்கரோடு வந்து 40,707 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்!

1996, மொடக்குறிச்சி. ஒரே தொகுதியில் 1,033 வேட்பாளர்கள்! அத்தனை பேருக்கும் சின்னம் வேண்டாமா? வாக்குச்சீட்டு புத்தகமாகிவிட்டது! 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. அவர்களே போட்டுக்கொள்ளவில்லையா என்ன? அதே ஆண்டு சட்டமன்ற டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ஆக எகிறியது!

சுயேச்சைகளுக்கான பட்டியலில் பச்சை மிளகாய், செருப்பு, நகவெட்டி, சிசிடிவி கேமராகூட இடம்பிடித்திருக்கின்றன! செருப்பை வாங்கிக்கொண்டு ஓட்டுக் கேட்கத் தனித் துணிச்சல் வேண்டும்.

யாருமே வேண்டாம் என்றால்? 2013-ல் வந்த நோட்டாவுக்கும் 2015-ல் சின்னம் கிடைத்தது! வரைந்து கொடுத்தது அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம்!