கீர்த்தனையின் கடினம் அறிதல்

ஒரு கீர்த்தனையைப் பயிலத் தொடங்குமுன் அதன் கடினத்தை ஆராய்ந்தறிதல் இன்றியமையாதது. ஆற்றலுக்கு மிஞ்சிய உருப்படியில் மாதங்களைச் செலவிடும் மாணாக்கன் பாட்டையும் பெறான், குரலையும் வருத்துவான், ஈற்றில் இசையையே வெறுத்தலுங்கூடும். களுவாஞ்சிக்குடி போன்ற ஊர்களில், வாரத்தில் ஒரு நாளே ஆசிரியரைக் காணும் பிள்ளைக்கு இவ்விழப்புப் பெரிது.

வட இலங்கைச் சங்கீத சபை போன்றவை தரந்தரமாகப் பரீட்சைகளை வகுத்துள்ளமை நமக்கு நல்ல வழிகாட்டியாகும். ஆயினும், தரம் ஓர் எண். கடினமோ பல கூறுடையது. காரைதீவில் தோன்றிய விபுலாநந்த அடிகள், 1947இல் வெளிவந்த யாழ் நூலில், சுருதிகளைக் கணக்கினால் அளந்து காட்டினார். சுருதி எண்ணுக்கு அடங்கும். பாடுவோன் படும் இடர் ஓரெண்ணுக்கு அடங்காது.

முத்துசுவாமி தீட்சிதரின் இரண்டு உருப்படிகளை ஒப்பிடுவோம். ‘சக்தி ஸஹித கணபதிம்’, ‘அக்ஷயலிங்க விபோ’ ஆகிய இரண்டும் சங்கராபரண இராகத்தில் அமைந்தவை; இரண்டும் வடமொழிப் பாடல்கள். முன்னது மேனாட்டு மெட்டைத் தழுவிய நோட்டுஸ்வரம். அதன் சுரங்கள் பெரும்பாலும் கமகமின்றி நேரே நிற்பன. ஆதலாற் சிறுவரும் அதனை எளிதிற் கற்பர். பின்னது மிச்ரசாபு தாளத்தில் விளம்பமாக நடப்பது. அங்கே சுரங்கள் அசைந்தும் குழைந்தும் வருதல் வேண்டும். பிழையை மறைக்க இடமில்லை. இராகம் ஒன்றே; கடினமோ வேறு.

மேனாட்டு இசையினும் இவ்வேறுபாடு உண்டு. பீதோவன் 1801இல் இயற்றிய ‘நிலவொளி’ப் பியானோ சொனாட்டாவின் முதற்பகுதி மெல்ல நடப்பது, ஓரளவு பழகியவர் வாசிக்கக்கூடியது. மூன்றாம் பகுதியோ விரல்கள் அதிவேகமாய் ஓடவேண்டுவது. தீட்சிதர் கீர்த்தனையில் விளம்பம் அரிதாயிற்று. இங்கு விரைவு அரிதாயிற்று. எனவே வேகம் ஒன்றே அளவுகோலன்று. தொடக்கத்தை மட்டும் கேட்டு முழுமையை மதித்தலும் தகாது.

ஆதலின் நான்கினை வெவ்வேறாக நோக்குக: குரல் எட்டவேண்டிய கீழெல்லையும் மேலெல்லையும், தாளமும் எடுப்பும், கமகமும் சங்கதிகளும், சாகித்தியத்தின் மொழி. பல கீர்த்தனைகளில் அனுபல்லவி மேல்ஸ்தாயியை நாடுதலின், பல்லவி எளிதென்று துணிதல் கூடாது. பின்னர், மிக அரிய அடியொன்றைத் தெரிந்து, ஆசிரியர் முன்னிலையிற் காலத்தைக் குறைத்துச் சில நாள் பாடிப் பார்க்க. அது சுருதியும் தாளமும் வழுவாது நிலைப்படின் அப்பாட்டை ஏற்கலாம். நிலைப்படாவிடின் அதனைக் கைவிட வேண்டுவதில்லை, அதற்கு முன்னர்ப் பயிலவேண்டிய வேறொன்றை நாடுதலே தக்கது.