கதவின் மேல் ஒரு பெயர்ப்பலகை

ஒரு நாட்டின் வரலாற்றை அறிய விழைவோர் அரசியல் யாப்பையும் யுத்தப் பிரகடனங்களையும் புரட்டுவர். மலசலகூடத்தைப் பற்றிய சட்டத்தைத் தேடிப் படிப்பவர் அரியர். குடும்பத்தினர் கூடியிருந்து வாசிக்கும் இப்பகுதியிலே இவ்விடயத்தை எடுத்தல் தகுமோ என்று சில அன்பர்கள் முகஞ் சுளிக்கவுங் கூடும். ஆயினும் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே 'மாதர்', 'ஆடவர்' என்னும் இரு பெயர்ப்பலகைகள் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டசபைகளையும் நீதிமன்றங்களையும் அலைக்கழித்து வருகின்றன. அதன் தொடக்கத்தை அறியாதவர்க்கு இன்றைய வழக்கு விளங்காது.

மசச்சூசெற்ஸ் மாநிலத்து லோவெல் நகரிலே, மெரிமாக் ஆற்றின் நீர்வலியால் இயங்கிய நெசவாலைகள் 1820 ஆம் ஆண்டுகளில் எழுந்தன. அயலிலிருந்த கமங்களிலிருந்து இளம் பெண்கள் நூற்றுக்கணக்கில் அங்கு வேலைக்கு வந்தனர். தம் மகளைத் தூரதேசத்துக்கு அனுப்பத் தயங்கிய கமக்காரத் தந்தைக்கு ஆலை முதலாளிகள் கொடுத்த உறுதி, பெண்களுக்கெனத் தனியாக அமைந்த விடுதிச்சாலைகளே. பொறுப்பாளர் ஒரு மாது, பெரும்பாலும் கைம்பெண். இரவு 10 மணிக்குக் கதவு அடைக்கப்படும். ஒரே அறையிலே பலர். ஒரு கட்டிலிலே இருவர். அது சட்டமன்று, முதலாளியின் விதி. காவலும் அடக்குமுறையும் ஒரே பூட்டுக்குள் இருந்தன எனலாம்.

நித்திரைக்கு விதி இருந்தது, வேலைத்தலத்துக்கு இருக்கவில்லை. ஆண்களும் பெண்களும் ஒருங்கே வேலைசெய்த ஆலைகளிலே மலசலகூட வசதி முதலாளியின் மனம்போலவே அமைந்தது. 1887 ஆம் ஆண்டிலே மசச்சூசெற்ஸ் மாநிலம் இயற்றிய சட்டமே இதற்கு முதல் மாற்றாயிற்று. இரு பாலாரும் வேலைசெய்யும் தொழிற்சாலைகளில் ஒவ்வொரு பாலார்க்கும் போதிய எண்ணிக்கையில் வேறு வேறான மலசலகூடங்கள் இருத்தல் வேண்டும். எது எவர்க்குரியது என்பது தெளிவாகக் குறிக்கப்படல் வேண்டும். ஒரு பாலார்க்குரியதை மற்றப் பாலார் உபயோகித்தல் ஆகாது. இவை அதன் விதிகள். 1920க்குள் நாற்பதுக்கும் அதிகமான மாநிலங்கள் இதே போன்ற சட்டங்களைச் செய்துவிட்டன.

இச்சட்டத்தைச் செய்தோர் மனத்தில் இருந்தவை பல. நோய் பரவுமென்ற அச்சம், பெண்ணின் நாணத்தைக் காக்கும் எண்ணம், பெண் இயல்பாகவே வலிகுன்றியவள் என்ற கொள்கை ஆகியன யாவும் அங்கே கலந்திருந்தன. கடைசியாகச் சொன்ன கொள்கையையே 1908 ஆம் ஆண்டிலே நாட்டின் தலைமை நீதிமன்றமும் கையாண்டு, ஒறிகன் மாநிலத்துப் பெண்களின் வேலைநேரத்தை நாளொன்றுக்குப் பத்து மணியாக வரையறுத்த சட்டத்தை ஏற்றுக்கொண்டது. பிற்காலத்து அறிஞர் சிலர் இதனால் அச்சட்டங்கள் யாவற்றையும் பழைமைப் பிடிவாதமெனத் தள்ளிவிடுவர். அது நேர்மையன்று என்பது எமது எண்ணம். ஒதுங்க இடமின்மையால் பகல் முழுதும் நீர் அருந்தாது வேலைசெய்பவளுக்குத் தத்துவம் எதற்கு? (நமது சந்தைகளிலே காலை முதல் மாலைவரை இருந்து மரக்கறி விற்கும் பெண்களைக் கேட்டால் இதன் பொருள் தெரியும்.) நோக்கம் எதுவாயினும், தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு அவளுக்குக் கிடைத்தது.

எல்லாப் பெண்களுக்கும் அது கிடைக்கவில்லை. தென் மாநிலங்களிலே புகையிரத நிலையங்களிலும் பெற்றோல் நிலையங்களிலும் மூன்று கதவுகள் இருப்பது வழக்கமாயிருந்தது: வெள்ளை மாதர்க்கு ஒன்று, வெள்ளை ஆடவர்க்கு ஒன்று, நிறத்தவர்க்கு ஒன்று. கறுப்பினப் பெண்ணின் நாணத்தைக் காக்கவேண்டுமென்ற கவலை எவர்க்கும் எழவில்லை. பல இடங்களிலே அந்த மூன்றாங் கதவுமில்லை. எந்த ஊரிலே தங்கலாம், எங்கே உண்ணலாம் என்று கறுப்பினப் பிரயாணிகளுக்கு வழிகாட்டுவதற்கென்றே ஒரு கைந்நூல் 1936 முதல் மூன்று தசாப்தங்கள் வெளிவந்தது. 1964 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமே அம்மூன்றாங் கதவைச் சட்டவிரோதமாக்கியது. பெண்மையைப் போற்றுவதாகச் சொல்லும் சட்டம் எந்தப் பெண்ணை எண்ணிச் செய்யப்பட்டது என்று கேட்கும் பழக்கம் மாணாக்கர்க்கு வரவேண்டும்.

1972 ஆம் ஆண்டிலே ஆண் பெண் சமவுரிமைக்கான அரசியல் யாப்புத் திருத்தத்தைக் காங்கிரஸ் நிறைவேற்றி மாநிலங்களுக்கு அனுப்பியது. அது நிறைவேறினால் பொது மலசலகூடங்கள் ஒன்றாகிவிடும் என்பது எதிர்த்தோர் எழுப்பிய பெருங் கூக்குரல்களுள் ஒன்று. 1982க்குள் வேண்டிய 38 மாநிலங்களின் இசைவு கிடைக்கவில்லை. அக்காலத்துக் காங்கிரசிலேயே நிலைமை எவ்வாறிருந்தது? முதற் பெண் உறுப்பினர் புகுந்தது 1917 ஆம் ஆண்டிலே. பிரதிநிதிகள் சபை மண்டபத்துக்கு அருகே பெண் உறுப்பினர்க்கெனக் கழிவறை அமைந்ததோ 2011 ஆம் ஆண்டிலே!

தனிக் கதவு இருந்தாற் போதுமா? அரங்குகளிலே இடைவேளையின்போது ஆடவர் பக்கம் வெறிச்சோட, மாதர் பக்கம் நீண்ட வரிசை நிற்பதை எல்லாரும் கண்டிருப்பர். 1990 ஆம் ஆண்டிலே தெக்சாஸ் மாநிலத்து ஹியூஸ்ரன் நகரில், சங்கீதக் கச்சேரி ஒன்றுக்குச் சென்ற பெண்ணொருவர் வரிசையைக் கண்டு பொறுக்காது ஆடவர் பக்கம் நுழைந்துவிட்டார். பொலிசார் வழக்குத் தொடுத்தனர். ஜூரிமார் அவரைக் குற்றமற்றவரென விடுவித்தனர். அவர்களுள்ளும் வரிசையில் நின்று களைத்தவர் இருந்திருப்பர் போலும். 2005 ஆம் ஆண்டிலே நியூ யோர்க் நகரம், புதிய அரங்குகள் முதலிய பொது இடங்களில் ஆடவர்க்கு ஒன்றாயின் மாதர்க்கு இரண்டு என்று விதித்தது.

இன்றைய பிணக்கு வேறு வகையானது. 'மாதர்' என்னும் சொல்லே வழக்காகியுள்ளது. பிறப்பிலே ஆண் என்றோ பெண் என்றோ குறிக்கப்பட்டு, பின்னர் மறுபாலாராக வாழும் திருநங்கையரும் திருநம்பியரும் எந்தக் கதவால் நுழைவது? 2016 மார்ச் மாதத்திலே வட கரோலினா மாநிலம் ஒரே நாளிலே சட்டமொன்றை நிறைவேற்றி, பிறப்புச் சான்றிதழின்படியே நுழைதல் வேண்டுமென்றது. பெருங் கம்பனிகள் பல கண்டித்தன. புகழ்பெற்ற கூடைப்பந்தாட்டப் போட்டியொன்று வேறு மாநிலத்துக்குப் போயிற்று. அடுத்த ஆண்டே அவ்விதி நீக்கப்பட்டது. ஆயின் அலை அங்கே தணியவில்லை. 2023 இல் புளோரிடா, வெளியேறச் சொல்லியும் வெளியேறாதவர்மீது அத்துமீறற் குற்றஞ் சுமத்த வழிசெய்தது. 2025 இல் தெக்சாஸ், நுழைபவரை விட்டு, விதியை மீறும் அரசாங்க நிறுவனத்துக்கே முதன்முறை 25,000 டொலரும் மறுமுறை 125,000 டொலரும் அபராதம் விதித்தது. அதே ஆண்டிலே யூற்றா மாநிலம் அரசினர் சர்வகலாசாலை விடுதிகளுக்கும் இவ்விதியை நீட்டியது. நீதிமன்றங்களும் ஒருமித்து நிற்கவில்லை. 2020 இல் வேர்ஜீனியாவிலிருந்து வந்த வழக்கிலே ஒரு மேன்முறையீட்டு மன்று மாணவர் பக்கம் தீர்த்தது. 2022 இல் புளோரிடா வழக்கிலே இன்னொரு மன்று பாடசாலைப் பக்கம் தீர்த்தது.

சட்டத்தை ஆதரிப்போர், சிறைச்சாலையிலும், கணவனின் அடிக்கு அஞ்சி ஓடிவந்த பெண்கள் உறங்கும் புகலிடத்திலும் பெண்ணின் மறைவு காக்கப்படல் வேண்டுமென்பர். எதிர்ப்போர், தாடி வளர்ந்த திருநம்பியை மாதர் பக்கம் அனுப்புதல் எவருக்கு நிம்மதி தரும் என்று வினவுவர். தோற்றத்தைக் கொண்டு ஐயுற்று, பிறப்பிலேயே பெண்ணானவரையும் வாயிலில் மறித்து விசாரிக்க நேரிடும் என்பர். இரண்டும் வெறும் வாதமல்ல. ஆயின் பலர் ஒருங்கே உடைமாற்றி உறங்கும் இடத்தையும், தாழிட்டு ஐந்து நிமிடம் ஒருவர் தனித்திருக்கும் அறையையும் ஒரே நிறையில் வைத்து நிறுத்தும் சட்டம் நன்றாக ஆராயப்பட்டதன்று என்றே எமக்குத் தோன்றுகிறது. முன்னையதிலே நிருவாகிகள் ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் ஆய்ந்து முடிவுசெய்ய வேண்டியவை பல. பின்னையதை ஒரு தச்சனே பெரும்பாலும் தீர்த்துவிடுவான்.

அமெரிக்கப் பொது மலசலகூடங்களைக் கண்டவர் அறிவர்: அவற்றின் தடுப்புப் பலகைகள் நிலத்திலிருந்து ஏறக்குறைய ஓரடி உயரத்திலேயே தொடங்கும், கதவோரத்திலும் இடைவெளி தெரியும். 2021 ஆம் ஆண்டின் சர்வதேச நீர்க்குழாய் விதித்தொகுதி இப்போது வேறொரு முறையையும் அனுமதிக்கிறது. ஒவ்வொன்றும் மறைவாகத் தனித்தனியே அடைக்கப்பட்ட அறைகள். கைகழுவும் இடம் மாத்திரம் எல்லார்க்கும் பொது. வாயிலிலே பெயர்ப்பலகையில் இரு பாலாரும் சேர்ந்தே இருப்பர். அவ்வாறு கட்டுவதற்குச் செலவு அதிகம். பழைய பாடசாலைக் கட்டிடங்களை மாற்றுவதற்கு அதனிலும் அதிகம்.